ஒரே கை ஓட்டிய கார்

மேத்யூ புதுக் காருக்கு முன்பணம் கட்டிவிட்டு வீடு திரும்பியபோது, பெண் பார்த்துவிட்டு வந்தவனைப்போல அவர் முகத்தில் ஒரு வெட்கம் இருந்தது. ஷோரூமில் கொடுத்த சாவி வளையத்தை விரலில் சுழற்றிக்கொண்டே வந்தார். சாவி இன்னும் இல்லை, வளையம் மட்டும்தான்.

"பதினோராயிரம்தான் கட்டினேன் புஷ்பம். ஞாயித்துக்கிழமை அஞ்சு மணிக்குள்ள வேண்டாம்னு சொன்னா அப்படியே திருப்பித் தந்துருவாவளாம்."

"மேல ஓட்டை இருக்கா?" என்று கேட்டாள் அவர் மனைவி மரியபுஷ்பம்.

"ஓட்டை இல்லட்டி, சன்ரூஃப்."

"ஐதராபாத் வெயில்ல மண்டை காயுறது பத்தாதா? கூரையத் தொறந்து வேற விடணுமாக்கும்."

மரியபுஷ்பத்துக்கு வயது ஐம்பத்து மூன்று. செகந்திராபாத்தில் ஒரு தனியார் மருத்துவமனையில் இருபத்து மூன்று ஆண்டுகள் நர்ஸாக இருந்தாள். பிறகு ஆறு ஆண்டுகள், வீடுகளுக்கு நர்ஸ் அனுப்பும் ஏஜென்ஸி ஒன்றில். ஏஜென்ஸிக்காரர்கள் வண்டி அனுப்புவார்கள்; நோயாளி கொடுக்கும் நூறு ரூபாயில் நாற்பதை எடுத்துக்கொள்வார்கள். போன மாதம் ஒருநாள், படுக்கைப்புண்ணுக்குக் கட்டுப் போட்டுக்கொண்டிருக்கும்போதே அவளுக்கு அந்த நாற்பது உறுத்தியது. கட்டை ஒழுங்காக முடித்துக் கையைக் கழுவிவிட்டு, ராஜினாமா எழுதினாள். கச்சிபௌலியில் மூன்று வீடுகளும் மாதாப்பூரில் ஒரு வீடும் "சிஸ்டர், நீங்களே நேரா வாங்க" என்று சொல்லியிருந்தன. திங்கட்கிழமை, ஒன்றாம் தேதி, காலை எட்டு மணிக்கு முதல் வீட்டில் நிற்க வேண்டும்.

மாரேட்பள்ளியிலிருந்து கச்சிபௌலிக்கு எட்டு மணிக்குள் போவது எப்படி? ஒத்திகை பார்த்தாள். முதல் கேப்காரன் வருகிறேன் என்று சொல்லிவிட்டு வரவில்லை. இரண்டாமவன் எங்கே போக வேண்டும் என்று கேட்டான். பதிலைக் கேட்டதும் போனை வைத்துவிட்டான். மூன்றாமவன் வந்தான், ஒன்பதேகாலுக்குக் கொண்டுபோய் விட்டான். சர்க்கரை நோயாளியின் இன்சுலின் ஒன்பதேகால் வரை காத்திருக்காது. ஆகவே கார் வேண்டும். ஓட்டுநர் உரிமம் இரண்டாம் முயற்சியில் கிடைத்திருந்தது. கையில் ஐந்து லட்சம் இருந்தது. அதற்குமேல் அவளிடம் இருந்தவை நாலு நோயாளிகளும் இரண்டு முழங்கால்களும்தான்.

மேத்யூ பார்த்துவைத்த கார், பதிவும் வரியும் காப்பீடும் சேர்த்து ஒன்பது லட்சத்து முப்பதாயிரம்.

"வரி குறைச்சிட்டாவ, இப்ப விட்டா கிடைக்காதுன்னு சொல்லுதான் அந்தப் பையன். மிச்சத்துக்கு லோனு. மாசம் ஒம்பதாயிரந்தான்."

"ஒம்பதாயிரம்னா ஒரு நோயாளி. நாலுல ஒருத்தருக்கு நான் பேங்குக்காகக் கட்டுப் போடணும், அஞ்சு வருஷம். நான் பாக்குறவங்க எல்லாம் எம்பது வயசுக்காரங்க. அவங்க போய்ச் சேந்தா தவணையும் கூடப் போயிருமா?"

மேத்யூ அந்தச் சாவி வளையத்தைக் கீழே வைக்கவில்லை.

பழைய கார்ச் சந்தையையும் அவள் விடவில்லை. சனிக்கிழமை பேகம்பேட்டில் வரிசையாகக் கார் நிறுத்தியிருந்த ஓர் இடத்துக்குப் போனாள். முப்பதாயிரம் கிலோமீட்டர்தான் ஓடியது என்று ஒரு வெள்ளைக் காரைக் காட்டினார்கள். மரியபுஷ்பம் குனிந்து பிரேக் மிதியைப் பார்த்தாள். அதன் ரப்பர் தேய்ந்து வழுக்கையாக இருந்தது. வயதைக் குறைத்துச் சொல்பவர்களின் குதிகாலைப் பார்த்துப் பழகியவள் அவள். "இது முப்பது இல்ல தம்பி, எம்பதுக்கு மேல" என்று சொல்லிவிட்டு நடையைக் கட்டினாள். தெரியாத பழைய காரைவிடப் புதிய கார் மேல் என்பது அவளுக்கு அங்கேயே உறுதியாகிவிட்டது. தெரிந்த பழைய கார் கிடைத்தால் அது இரண்டையும்விட மேல். கிடைக்க வேண்டுமே.

தெருமுனைக்கு வந்தபோது, மூன்றாம் வீட்டு வாசலில் நின்ற அனந்தகிருஷ்ணன் சாரின் நீலக் கார் கண்ணில் பட்டது. பின்கண்ணாடியில் ஒரு வெள்ளைத்தாள். 'விற்பனைக்கு. ஒரே உரிமையாளர். ஒரே கை ஓட்டியது.'

அனந்தகிருஷ்ணன் வங்கியில் அதிகாரியாக இருந்து ஓய்வு பெற்றவர். கண்புரை அறுவைக்குப் பிறகு ஓட்ட வேண்டாம் என்று டாக்டர் சொல்லிவிட்டார். அந்தத் தெருவில் முதல் கார் அவருடையதுதான், பதினோரு வருடத்துக்கு முன் வாங்கியது. தெருவில் யாருக்குப் பிரசவ வலி வந்தாலும், யாருக்கு நெஞ்சு வலித்தாலும் அந்த நீலக் கார்தான். மரியபுஷ்பமே அதில் சலைன் பாட்டிலைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு எத்தனையோ முறை போயிருக்கிறாள்.

இரண்டே முக்கால் லட்சம் என்றார். "நாளைக்குக் கார்த்தால மெக்கானிக்கை அழைச்சுண்டு வாங்கோ சிஸ்டர். ஃபைல் தயாரா இருக்கும்."

ஞாயிறு காலை ஒன்பது மணிக்கு மெக்கானிக் ஸ்ரீனிவாஸ் வந்தார். அவரோடு தெருவே வந்துவிட்டது. முனையில் ஜெராக்ஸ் கடை வைத்திருக்கும் தியாகு கடையைத் திறக்காமல் வந்து நின்றான். அனந்தகிருஷ்ணனின் மனைவி நீலா எல்லோருக்கும் காபி கொண்டுவந்தாள். மேத்யூ மட்டும் சற்றுத் தள்ளி, மறுவீட்டுச் சம்பந்தியைப்போல நின்றுகொண்டிருந்தார்.

அனந்தகிருஷ்ணன் ஃபைலைத் திறந்தார். ஒவ்வொரு பயணமும், ஒவ்வொரு லிட்டரும் பச்சை மையில். கடைசிக் கட்டத்துக்கு 'வித்தியாசம்' என்று தலைப்பு.

"அது என்ன சார்?" என்று கேட்டாள்.

"மீட்டர்ல கோளாறு. நான் நூறு கிலோமீட்டர் ஓட்டினா அது நூத்திப் பத்து காட்டும். சில மாசம் சரியா இருக்கும், சில மாசம் எகிறும். கம்பெனிக்கு மூணு லெட்டர் போட்டாச்சு, பதிலே இல்லை. மத்தபடி அப்பழுக்கு கிடையாது. என் கையைத் தவிர வேற கை பட்டதில்லை."

வண்டிக்கு அடியிலிருந்து ஸ்ரீனிவாஸின் குரல் வந்தது. "க்ளட்ச் மாறிருக்கு சார்."

"மாத்தலையே! ஃபைல்லயே இல்லையே!"

"ஃபைல் பத்தி நாக்கு தெலியது, எனக்குத் தெரியாது சார். க்ளட்ச் மாறிருக்கு."

மரியபுஷ்பம் காபி டம்ளரைக் கீழே வைத்தாள். அந்தத் தெருவில் அவள் கையால் ஊசி போட்டுக்கொள்ளாதவர்கள் ஒருவரும் இல்லை. ஊசியைப் பார்க்கும் முன்பே முகத்தைத் திருப்பிக்கொள்வது யார் என்று அவளுக்கு அத்துப்படி. ஒரு சுற்றுப் பார்த்தாள். தியாகு மாமரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தான். நீலா காபித் தட்டையே உற்றுப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"இங்க பாருங்க. ஆபரேஷனுக்கு முன்னால கேக்கும்போது ஒளிச்சா அப்புறம் டேபிள்லதான் தெரியும். நாளைலருந்து என் பொழப்பு இந்த வண்டிய நம்பி. யாராருக்கு என்ன தெரியுமோ இப்பவே சொல்லிருங்க. மாமி, நீங்க மொதல்ல."

"நானா?" என்றாள் நீலா.

"நீங்கதான்."

நீலா தட்டைக் காரின் மேலேயே வைத்தாள். அதற்கே அனந்தகிருஷ்ணனின் கண் விரிந்தது.

"எட்டு வருஷம் முன்னால, நீங்க ஆடிட்டுக்கு விஜயவாடா போயிருந்தேள். பதினோரு நாள். நான் கார் ஓட்டக் கத்துண்டேன்."

"எந்தக் கார்?"

"ஆத்துல எத்தனை கார் இருக்கு?"

"யார் கத்துக்கொடுத்தா?"

எல்லாத் தலைகளும் தியாகுவின் பக்கம் திரும்பின. "ஹவ் சார், ஆமா," என்றான் தியாகு. "நக்கோ நக்கோ, வேணாம்னுதான் சொன்னேன். மாமி கேக்கல. பரேட் கிரவுண்டு ஓரம் ஏழாம் நாள் க்ளட்ச் எரிஞ்சு போச்சு. மாமி சீட்டுப் பணத்துல புதுசு போட்டோம்."

"ஏன்டி எங்கிட்ட சொல்லலை?"

"சொல்லியிருந்தா விட்டிருப்பேளா?"

அனந்தகிருஷ்ணன் ஃபைலைப் பார்த்தார். பச்சை மையில் எழுதிய வித்தியாசம் என்ற கட்டத்தில் விரலை மேலிருந்து கீழாக ஓட்டினார்.

"அப்போ இந்தக் கிலோமீட்டர் எல்லாம்..."

"நீங்க மத்தியானம் ரெண்டு மணி நேரம் தூங்குவேளே," என்றாள் நீலா.

"மூணு லெட்டர் போட்டேனேடி!"

"நான்தான் ஸ்டாம்ப் ஒட்டினேன்."

அதுவரை அடக்கிக்கொண்டிருந்த தெரு வெடித்துச் சிரித்தது. காரின் அடியிலிருந்து ஸ்ரீனிவாஸின் கால்கள் மட்டும் குலுங்கின. அணை திறந்துகொண்டது. முன்பம்பர் கம்பெனி போட்டது அல்ல, தங்கை கல்யாணத்துக்கு லட்டு ஏற்றப்போய் மாட்டில் இடித்துவிட்டு ஒரே பகலில் மாற்றியது என்றான் தியாகு. மாட்டுக்கு ஒன்றும் ஆகவில்லை என்றும் சேர்த்துக்கொண்டான். எதிர்வீட்டு ஸ்ரீஜா, கல்லூரி லெக்சரர், பின்கதவுப் பூட்டைத் தான் பள்ளியில் படிக்கும்போது ஹேர்பின் விட்டு உடைத்ததாக ஒப்புக்கொண்டாள். பத்ரிநாராயணன் மாமா, பைபாஸ் அறுவைக்குப் போகும் வழியில் முன்சீட்டின் கைப்பிடியைப் பிடுங்கிவிட்டதாகச் சொன்னார். "உயிர் பயம் சார், வேணும்னு பிடுங்கல."

ஒவ்வொரு வாக்குமூலத்துக்கும் அனந்தகிருஷ்ணன் பேனாவை எடுத்து விலையில் கழித்துக்கொண்டே வந்தார். யாரும் கேட்கவில்லை, அவருடைய மனசாட்சி அப்படி. க்ளட்ச்சுக்குப் பத்து. பம்பருக்கு ஐந்து. பூட்டுக்கு ஐந்து. கைப்பிடிக்கு ஐந்து. 'ஒரே கை' என்று பொய் எழுதியதற்கு ஒரு பத்து. தானாகக் குறைப்பவரைத் தடுப்பது பண்பாக இருக்கலாம். மரியபுஷ்பம் தடுக்கவில்லை. க்ளட்ச் இடையில் மாறியிருப்பது தனக்கு லாபம் என்பதையும் அவள் வாய்விட்டுச் சொல்லவில்லை.

ஸ்ரீனிவாஸ் வெளியே வந்து கையைத் துடைத்துக்கொண்டார். அவள் அவரைத் தனியே அழைத்தாள். இது விளையாட்டு இல்லை.

"எஞ்சின்?"

"பாகுந்தம்மா, நல்லா இருக்கு. ஆயில் சுத்தம், புகை இல்லை."

"வெள்ளத்துல முங்கிருக்கா? சீட்டு அடியில பாத்தியளா?"

"கார்பெட் எல்லாம் தூக்கிப் பாத்தேன். துரு லேது, இல்லவே இல்லை."

"டயர்?"

"ரெண்டு மாத்தணும். முன்சக்கரத்துல ஒரு ரப்பர் புஷ் தேஞ்சிருக்கு. மொத்தம் பதினஞ்சாயிரம்."

"இன்னும் நாலு வருஷம் பதிவு இருக்கு. அதுவரைக்கும் என்னைய நடு ரோட்டுல விடுமா, விடாதா? ஒரே வார்த்தை சொல்லுங்க."

"விடாது," என்றார் ஸ்ரீனிவாஸ்.

இரண்டு லட்சத்து நாற்பதாயிரம். டயரையும் புஷ்ஷையும் கூட்டினால் இரண்டு ஐம்பத்தைந்து. மிச்சம் கிட்டத்தட்ட இரண்டரை லட்சம் வங்கியிலேயே கிடக்கும். நாலு நோயாளியில் இரண்டு பேர் போனாலும் ஆறு மாதம் தாங்கும். அவள் மேத்யூவைப் பார்த்தாள்.

"என்ன சொல்லுதிய?"

மேத்யூ காரை ஒருமுறை சுற்றி வந்தார். மேலே ஓட்டை இல்லாத கூரையைத் தட்டிப் பார்த்தார். பிறகு நீலாவிடம் போய், "மாமி, சத்தியமா பதினோரு நாள்லயே கத்துக்கிட்டியளா?" என்று கேட்டார்.

"ஒம்போது நாள். ரெண்டு நாள் க்ளட்ச் மாத்தறதுல போயிடுத்து."

"அப்ப எனக்கும் கத்துத் தருவியளா?"

மேத்யூவுக்குக் கார் ஓட்டத் தெரியாது என்பது அப்போதுதான் தெருவுக்குத் தெரிந்தது. ஒன்பது லட்சத்து முப்பதாயிரத்துக்கு முன்பணம் கட்டிய மனிதர்! இரண்டாம் சிரிப்பு முதல் சிரிப்பைவிடப் பெரிதாக இருந்தது. அவரும் சேர்ந்து சிரித்தார். சிரித்துக்கொண்டே ஷோரூமுக்குப் போன் செய்து வேண்டாம் என்றார். மணி பதினொன்றுகூட ஆகவில்லை.

மரியபுஷ்பம் காசோலையை எடுத்தாள். எழுதுவதற்கு முன் பேனாவை நிறுத்தினாள்.

"சார், ரெண்டு வருஷம் உங்க வண்டிக்குள்ள எறும்பு வந்துச்சுல்லா?"

"ஐயோ, அதை ஏன் கேக்கறேள்! மஞ்சப் பொடி, கற்பூரம், என்னென்னமோ போட்டேன். நல்ல சகுனம்னு கடைசில விட்டுட்டேன்."

"அது நான்தான். ஒரு நோயாளியக் கொண்டுபோகையில குளுக்கோஸ் பாட்டில் பின்சீட்டுல உடைஞ்சு போச்சு. தொடச்சேன், சரியாத் தொடைக்கல."

அனந்தகிருஷ்ணன் மறுபடி பேனாவை எடுத்தார். பிறகு, "ரெண்டாயிரம் ஏத்தறேன்" என்றார்.

"ஏத்துங்க," என்றாள். இரண்டு லட்சத்து நாற்பத்து இரண்டாயிரம் என்று எழுதிக் கொடுத்தாள். பெயர் மாற்றத் தாள்களில் அங்கேயே கையெழுத்து வாங்கிக்கொண்டாள். காப்பீட்டைத் தன் பெயருக்கு மாற்ற தியாகுவை ஜெராக்ஸ் கடையைத் திறக்கவைத்து, இணையத்தில் கையோடு முடித்தாள். மதியத்துக்குள் டயரும் புஷ்ஷும் மாறிவிட்டன.

திங்கட்கிழமை காலை ஆறு நாற்பதுக்குக் கிளம்பினாள். கட்டுப்போடும் பை பக்கத்து சீட்டில், பெல்ட் மாட்டியபடி. பேகம்பேட் மேம்பாலத்தில் ஏறும்போது க்ளட்ச்சைச் சீக்கிரம் விட்டதில் வண்டி ஒருமுறை அணைந்து நின்றது. பின்னால் ஒரு கம்பெனிப் பேருந்து ஹாரன் அடித்தது. "அடி, நல்லா அடி" என்று சொல்லிவிட்டு, நிதானமாக மறுபடி சாவியைத் திருகினாள். பாலத்தின் உச்சியில் காற்று ஜன்னல் வழியே சேலைத் தலைப்பைப் பிடித்து இழுத்தது. ஐம்பத்து மூன்று வருடமாக அவளை யாராவது கொண்டுபோய் விட்டிருக்கிறார்கள். அப்பா, ஸ்கூட்டரில் மேத்யூ, மருத்துவமனை வேன், ஏஜென்ஸி. இப்போது கையைத் திருப்பினால் ஊர் திரும்பியது. மாதாப்பூர் வந்தபோது தான் சத்தமாகப் பாடிக்கொண்டிருப்பதைக் கவனித்தாள், பாட்டை நிறுத்தவில்லை.

கச்சிபௌலியில் அந்த உயரமான குடியிருப்பின் வாசலுக்கு வந்தபோது கடிகாரத்தைப் பார்த்தாள். ஏழு முப்பத்தைந்து. காவலாளி தடுப்புக் கம்பியைத் தூக்கினார். "மேடம், உள்ளே?"

இருபத்தைந்து நிமிடம். உள்ளே போய் உட்கார்ந்து காத்திருக்கலாம். அதுதான் சிக்கனம். ஒரு லிட்டர் பெட்ரோல் என்ன விலை என்று அவளுக்கு நன்றாகத் தெரியும்.

"பத்து நிமிஷத்துல வாரேன்," என்று காவலாளியிடம் தமிழிலேயே சொல்லிவிட்டு, வண்டியைத் திருப்பி, எந்த வேலையும் இல்லாமல், இன்னொரு சுற்றுப் போனாள்.