மைனி குத்திய சாம்பல் குறி

என் வீட்டு அடுக்களைச் சுவரில் ஆணியில் ஒரு பலாக்கட்டை தொங்குகிறது. உள்ளங்கை அளவு. அதில் ஒரு கதிரும் அரிவாளும் வெட்டியிருக்கும். வெட்டியவள் மைனி, என் அண்ணன் மனைவி.

அப்போது மகாராஜா காலம். நேமத்துக்குத் தெற்கே நிலக்காரர் தம்புரானின் வயல்களில் கூலிக்கு அறுத்தோம். எங்கள் குடிசைகள் நின்ற மண்ணும் அவருடையது. போ என்றால் போகவேண்டும். நெல்லைக் களத்தில் குவித்ததும் அவருடைய காரியஸ்தர் வருவார். மர முத்திரையைச் சாம்பலில் தோய்த்துக் குவியலைச் சுற்றிலும் குத்துவார். அந்தக் குறியைக் கலைத்தவன் குடும்பம் விளங்காது என்று சொல்லிவைத்திருந்தார்கள். பசித்துக் கிடந்த நாளிலும் ஒருவரும் தொட்டதில்லை.

அண்ணன் செத்த வருஷம் மைனி கூலி கூட்டிக் கேட்டாள். குடிசையைப் பிரிக்க உத்தரவு வந்தது. அவள் அழவில்லை. அரிவாள் முனையால் கட்டையைக் குடைந்தாள். அடுப்புச் சாம்பலில் தோய்த்துக் குடிசையைச் சுற்றி மண்ணில் குத்தினாள். கதிரும் அரிவாளுமாக வரிசை. பார்க்க அழகாக இருந்தது.

காரியஸ்தர் ஆட்களோடு வந்தார். எங்களோடு அறுத்தவர்கள்தான். குறியைக் கண்டு நின்றுவிட்டார்கள்.

“என்னட்டி இது?”

“குறி, ஏமானே. நெல்லுக்கு உங்க குறி. மண்ணுக்கு எங்க குறி.”

“லேய், சவிட்டிக் கலைங்க!”

ஒருவன் தலையைச் சொறிந்தான். “பிள்ளைகுட்டிக்காரன், ஏமானே. நீங்க முதல்ல சவிட்டுங்க. நான் பொறத்தால வாறேன்.”

மைனி சிரித்துவிட்டாள். காரியஸ்தர் காலைத் தூக்கினார். கீழே பார்த்தார். தள்ளி வைத்தார். பயம் காட்டியவருக்கும் அந்தப் பயம் இருந்தது அன்றுதான் தெரிந்தது.

பிறகு வெளியூர் ஆட்களைக் கொண்டுவந்து பிரித்துப்போட்டார்கள். கதிர் முற்றி நின்ற நேரம். மைனி குடிசை எழும்பாமல் வயலில் இறங்கமாட்டோம் என்று எல்லாரும் உட்கார்ந்துவிட்டோம். நெல் உதிரத் தொடங்கியது. தம்புரான் மறுபடி ஆள் அனுப்பவில்லை. மைனி அதே இடத்தில் ஓலை கட்டினாள். மறுபடி குத்தினாள். மழை அழிக்கும். அவள் குத்துவாள். சாகும்வரை அப்படித்தான்.

பட்டா வந்தது அவள் போன பிறகு. அளக்க வந்த சர்வேயர் எல்லை எங்கே என்று கேட்டார். கல் ஒன்றும் கிடையாது. கட்டையை ஆணியிலிருந்து எடுத்தேன். சாம்பலில் தோய்த்து, மைனி குத்திய வழியே குத்திக்கொண்டு போனேன். சர்வேயர் பின்னால் வந்தார். குறியை மிதிக்காமல் சங்கிலி பிடித்தார்.