சாமானுக்கு மட்டும் கிடைத்த வீடு

மனிதர்களுக்கு வீடு அமைகிறவரை அவர்களுடைய சாமானுக்கு வீடு கொடுப்பதுதான் எங்கள் தொழில்.

தொண்ணூறுகளின் கடைசியில் பெங்களூர் பொம்மனஹள்ளியில், ஓசூர் ரோட்டிலிருந்து கொஞ்சம் உள்ளே தள்ளி, தகரக் கூரை போட்ட ஒரு கோடவுனுக்கு நான் பொறுப்பாளனாக இருந்தேன். உள்ளே பிளைவுட் வைத்துத் தடுத்து இருபத்திரண்டு அறைகள். எலெக்ட்ரானிக் சிட்டியில் வேலை கிடைத்து ஊரைக் காலி செய்துகொண்டு வருகிறவர்கள், கட்டில், பீரோ, கிரைண்டர் எல்லாவற்றையும் இங்கே போட்டுப் பூட்டி, சாவியைத் தாங்களே எடுத்துப் போவார்கள். அவர்களை நாங்கள் ‘பார்ட்டி’ என்போம். பார்ட்டி எங்கேயாவது ஹாஸ்டலில் தட்டை ஏந்திக்கொண்டு வரிசையில் நிற்பார். அவருடைய டைனிங் டேபிள் எங்களிடம் சொகுசாக இருக்கும்.

வீடு மாறி அவதிப்பட்ட அன்பர்களே, உங்களிடம் மறைப்பானேன். பத்தொன்பதாம் அறையில் இருந்தது என் சொந்தச் சாமான். ஆம்பூரில் நான் ஸ்டோர் கீப்பராக இருந்த செருப்புக் கம்பெனியை மூடிவிட்டார்கள். அதனால் இங்கே வந்தேன். மனைவி சுமதியும் மகள் திவ்யாவும் குடியாத்தத்தில் மைத்துனர் வீட்டில் இருந்தார்கள். ஜூனில் பள்ளிக்கூடம் திறப்பதற்குள் நான் ஒரு வீடு பிடித்தால் திவ்யாவை இங்கே நான்காம் வகுப்பில் சேர்க்கலாம். தவறவிட்டால் இன்னும் ஒரு வருடம் ஆளுக்கொரு ஊர். ஞாயிறு தோறும் எஸ்.டி.டி. பூத்திலிருந்து, வீடு பார்த்துக்கொண்டே இருக்கிறேன் என்று சுமதிக்குச் சொல்வேன்.

இரண்டு காலண்டர்

நான் வேலைக்குச் சேர்ந்தது ஆடி மாதம். மற்ற தொழில்களுக்கு ஆடி என்றால் தூக்கம். எங்களுக்கு அதுதான் சீசன். ஆடியில் யாரும் புது வீட்டில் அடுப்பு வைக்க மாட்டார்கள், ஆனால் கம்பெனிக்காரன் வேலைக்குக் கூப்பிடுவான். ஆள் ஹாஸ்டலுக்கு, சாமான் எங்களிடம்.

சேலத்துக்காரர் முரளி ஜூன் கடைசியிலேயே வீடு பார்த்து முடித்தவர். கன்னடக்கார வீட்டுக்காரர், ஆஷாட மாதம் பிறந்துவிட்டது, அதில் குடி வைக்கக் கூடாது, முடிந்ததும் வாருங்கள் என்றார். ஆஷாடம் முடிந்து அவர் சாவியை நீட்டியபோது நமக்கு ஆடி பாதியில் நடந்துகொண்டிருந்தது. சேலத்திலிருந்து அம்மா போனில் கூடவே கூடாது என்றுவிட்டார். ஆவணி பிறக்கிறவரை முரளி ஞாயிற்றுக்கிழமைகளில் பேப்பரோடு எங்களிடம் வருவார். அறையைத் திறந்து, புதுச் சோபாவின் பிளாஸ்டிக் உறையைக்கூடப் பிரிக்காமல் அதன்மேல் உட்கார்ந்து வரி விளம்பரம் வரைக்கும் படித்துவிட்டுப் போவார். ஒருநாள் டீ வாங்கிக் கொடுத்தேன். குடித்துவிட்டு, கோபமே இல்லாமல் சொன்னார்:

“கெட்ட நேரம் மட்டும் ரெண்டு ஊர்க் கணக்குலயும் எனக்கு வருது சார். நல்ல நேரம் ஒரு ஊர்லயும் ஆரம்பிக்க மாட்டேங்குது.”

பால் பாத்திரம்

லாரி ஏற்றுவதில் ஒரு நுணுக்கம் உண்டு. போன இடத்தில் முதலில் எது வேண்டுமோ அதைக் கடைசியில் ஏற்ற வேண்டும். விவரம் தெரிந்த குடும்பங்கள் சாமி படம், குத்துவிளக்கு, பால் காய்ச்சும் பாத்திரம் இருக்கும் பெட்டியைக் கடைசியாக ஏற்றுவார்கள், புது வீட்டில் அதுதானே முதலில் உள்ளே போக வேண்டும். கோயம்புத்தூரிலிருந்து வந்த ஒரு தம்பதியும் அப்படித்தான் செய்தார்கள். ஆனால் லாரி நேராக வீட்டுக்குப் போகவில்லை, எங்களிடம் வந்தது. முதலில் இறங்கிய சாமி பெட்டி அறையின் கடைசி மூலைக்குப் போனது. அதற்கு முன்னால் மற்ற எல்லாம் அடுக்கப்பட்டன.

தை மாதத்தில் வீடு கிடைத்தது. மறுநாள் காலை பால் காய்ச்ச நேரம் குறித்துவிட்டு, முதல் நாள் மத்தியானம் இரண்டு பேரும் அந்த ஒரு பெட்டிக்காக வந்து நின்றார்கள். புதுப் பாத்திரம் ஒன்று வாங்கிவிடலாம் என்று கணவர் சொல்லிக்கொண்டிருக்கும்போதே அந்த அம்மாள் அறைப் பூட்டைத் திறந்தார். எங்கள் லோடிங் மேஸ்திரி தனசேகர் வேட்டியை மடித்துக் கட்டினார். அவர் பெங்களூர் நீலசந்திராவிலேயே பிறந்து வளர்ந்த தமிழர், என்னைவிட வயதில் சின்னவர், பலத்தில் இரண்டு பங்கு. முழு அறையையும் வெளியே இழுத்துப் போட்டு, பெட்டியை எடுத்துக் கொடுத்து, மற்றதை மறுபடி உள்ளே அடுக்க மூன்று மணி நேரம் ஆனது. அந்த அம்மாள், சாமி சாமானை உள்ளே தள்ளி வைத்தது தங்கள் தப்புதான் என்று கன்னத்தில் போட்டுக்கொண்டார். தனசேகர் முகத்தைத் துடைத்துக்கொண்டு ஆறுதல் சொன்னார்:

“சாமி எங்க இருந்தாலும் சாமிதாம்மா. நடுவுல கீற பீரோதான் பேஜாரு.”

ஆறு மாதம்

எட்டாம் அறைப் பார்ட்டி ராமநாதன். திருச்சியில் மனைவிக்கு டீச்சர் வேலை, மகள் அங்கேயே படிக்கிறாள். குடும்பம் சீக்கிரம் வந்துவிடும் என்று நம்பி, வீட்டுச் சாமானில் பாதியை முன்கூட்டியே கொண்டுவந்து போட்டவர். நான் சேர்வதற்கு ஐந்து வருடம் முன்பிருந்தே அந்தச் சாமான் அங்கே இருந்தது. மாதம் ஒருமுறை ஈரத்துணியோடு வருவார். மேஜை, நாற்காலி, மகளின் சின்ன சைக்கிள் எல்லாவற்றையும் துடைப்பார். போகும்போது, இன்னும் ஆறு மாதம்தான் என்பார். அவரை நினைத்து நானும் தனசேகரும் சிரித்திருக்கிறோம், பொய் சொல்லக் கூடாது.

மாசி வாக்கில் ஒருநாள் மகளையும் அழைத்துக்கொண்டு வந்தார். இரண்டு நாள் லீவில் அப்பாவைப் பார்க்க வந்திருந்தாளாம். தாவணி கட்டுகிற வயசு. சைக்கிளைப் பார்த்ததும் அது யாருடையது என்று கேட்டாள். அவர் உன்னுடையதுதான் என்றார். அவள் ஆசையாகத்தான் பிடித்துப் பார்த்தாள், கைப்பிடி அவள் தொடை உயரத்துக்குத்தான் இருந்தது. அப்பா மனம் நோகக் கூடாதென்று மணியை இரண்டு தடவை அடித்துவிட்டு வெளியே போய் நின்றாள். பக்கத்தில் யாருக்காவது கொடுத்துவிடட்டுமா என்று ராமநாதனைக் கேட்டேன். கேட்டிருக்கக் கூடாது. அவர் அந்தச் சைக்கிளை மறுபடியும் துடைத்தார்.

“இருக்கட்டும் சார், அப்படியே வெச்சிருங்க. இன்னும் ஆறு மாசம்தான்.”

அன்றைக்கு எனக்குச் சிரிப்பு வரவில்லை. பத்தொன்பதாம் அறையைத் திறந்து பார்த்தேன். என் சாமான் மேலும் நன்றாகவே தூசி படிந்திருந்தது. நான் அதைத் துடைக்கக்கூட இல்லை.

குறை பார்க்கப் போனவன்

சித்திரையில் தனசேகர் எனக்கு ஒரு வீடு சொன்னார். கோடவுனிலிருந்து நடக்கிற தூரம். வீட்டுக்காரி கௌரம்மா கன்னடக்காரர், அக்கம்பக்கமெல்லாம் தமிழர்கள் என்பதால் நம்மைவிட நன்றாகத் தமிழ் பேசுவார். ஒரு ஹால், சமையலறை, பின்னால் துவைக்கிற கல். எத்தனை பேர், என்ன வேலை என்று கேட்டார். என்ன சமைப்பீர்கள் என்று மட்டும் கேட்கவில்லை, அதற்கே அவருக்கு ஒரு கும்பிடு போட வேண்டும்.

நான் தண்ணீர்த் தொட்டி சிறியதாக இருக்கிறதே என்றேன். ஜன்னல் ஒன்றுதானா என்றேன். அடுத்த வாரமும் போய், பின்கதவு தாழ்ப்பாள் சரியில்லை என்று கண்டுபிடித்தேன். இது ஐந்தாவது வீடு. மற்ற நான்கையும் இப்படித்தான் ஏதாவது நொட்டை சொல்லி விட்டிருந்தேன்.

காரணத்தை இங்கே சொல்லிவிடுகிறேன். ஆம்பூரில் கம்பெனிக்குப் பக்கத்தில் ஆசையாக ஒரு வீடு எடுத்துக் குடிபோன மூன்றாம் மாதம் கம்பெனியை மூடினார்கள். திவ்யாவின் பள்ளிக்கூடத்தை மாற்றி, திரும்பவும் மாற்றி, மைத்துனர் வீட்டில் அவர்களைக் கொண்டுபோய் விட்டபோது நான் பட்ட அவமானம் எனக்குத்தான் தெரியும். இந்தக் கோடவுனும் மூடினால்? தனியாக இருந்தால் ஒரு பையைத் தூக்கிக்கொண்டு போய்விடலாம். எனக்குப் பயம், அவ்வளவுதான். அதற்குத் தொட்டி, ஜன்னல், தாழ்ப்பாள் என்று பெயர் வைத்துக்கொண்டேன். கௌரம்மா என்னை வாசல்வரை வந்து வழியனுப்பினார்.

“தாழ்ப்பாள நாளைக்கே மாத்திடலாம்ப்பா. உங்களுக்கு வர மனசில்ல, அத நான் எப்படி மாத்தறது?”

பத்தொன்பதாம் அறைக்குப் பார்ட்டி வந்தது

மே மாதக் கடைசி வாரம், காலை பத்து மணி இருக்கும். கேட்டில் டெம்போ சத்தம் கேட்டது. எந்தப் பார்ட்டியும் வருவதாக இல்லையே என்று எட்டிப் பார்த்தேன். முன் சீட்டிலிருந்து சுமதி இறங்கினாள், பின்னாலேயே திவ்யா. ஓட்டிவந்த தனசேகர் என் பக்கமே திரும்பாமல் டயரைப் பார்த்துக்கொண்டு நின்றார்.

நடந்தது இதுதான். முந்தின ஞாயிறு நான் போன் பண்ண மறந்துவிட்டேன். திங்களன்று சுமதி கோடவுனுக்கே போன் பண்ணியிருக்கிறாள். நான் வெளியே போயிருந்தேன், தனசேகர் எடுத்திருக்கிறார். என்ன வீடு பார்க்கிறார், எத்தனை வீடு பார்த்தார் என்று இவள் கேட்க, அவர் ஐந்து வீட்டையும் ஒன்றுவிடாமல் சொல்லிவிட்டார். கௌரம்மா வீடு இன்னும் காலியாக இருப்பதையும் சொல்லியிருக்கிறார். அன்று காலை பஸ்ஸைவிட்டு இறங்கியதும் சுமதி தனசேகரோடு நேராக அங்கே போய், தொட்டி, ஜன்னல், தாழ்ப்பாள் மூன்றையும் பார்த்து, வீட்டுச் சாவியை வாங்கிக்கொண்டுதான் என்னிடம் வந்திருந்தாள்.

என்னோடு அவள் சண்டை போடவில்லை. பத்தொன்பதாம் அறையின் இன்னொரு சாவி அவளிடம் இருந்தது. திறந்தாள். தூசியின் மேல் விரலால் ஒரு கோடு இழுத்துப் பார்த்தாள். அப்புறம் முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு ஸ்டவ்வைத் தூக்கினாள். நான் பக்கத்தில் போய், மெதுவாக, இந்தக் கம்பெனியும் எத்தனை நாளைக்கு ஓடுமோ, நாளைக்கே மூடிவிட்டால் என்ன செய்வது என்று சொல்ல ஆரம்பித்தேன். பத்து மாதமாக போனில் சொல்லாததை அப்போதுதான் அவளிடம் சொன்னேன். அவள் ஸ்டவ்வைக் கீழே வைக்காமலே திருப்பிக் கேட்டாள்.

“மூடினா மூணு பேரா திரும்பிப் போவோம். இவ்ளோ நாள் ஒரு ஆளா இருந்து என்னத்தக் காப்பாத்திட்டீங்க?”

நான் பயந்தபடியே அந்தக் கோடவுனை நான்கு வருடத்தில் மூடித்தான் விட்டார்கள், ஆனால் அதற்குள் என் பயம் வேறாகிவிட்டிருந்தது: கௌரம்மா எங்களை எப்போது காலி செய்யச் சொல்லிவிடுவாரோ என்று.