என் விரலும் ஒரு சினையாடும்

பீடி சுத்திச் சுத்தி என் பெருவெரலு கூழாங்கல்லு மாதிரி வழுவழுன்னு ஆயிட்டு. ரேகையெல்லாம் எவனோ குடிச்ச பீடியில பொகையாப் போயிருக்கும். அது ஒரு கொறைன்னே எனக்குத் தெரியல, சினையாடு வாங்கப் போற வரைக்கும்.

கண்ணு மங்கிட்டு. இனி இலையும் தூளும் நமக்கு ஆவாது, ஒரு ஆட்ட வச்சு ஒப்பேத்திக்கிடுவோம்னு நெனச்சேன். ஆத்துக்கு அக்கரையில இருந்து ஒருத்தன் சினையாட்ட ஓட்டியாந்து வேப்பமரத்துல கட்டுனான்.

"உச்சிக்குள்ள துட்டு வரணும் ஆச்சி. இல்லன்னா இந்தம்மாவுக்குத்தான்."

இந்தம்மா வேற யாரு, என் நாத்தனாதான். ஆட்டுக்கு அகத்திக்கீரைய நீட்டிக்கிட்டு, சம்மந்தம் பேசி முடிச்சவ மாதிரி நிக்கா.

என் துட்டு பேங்க்ல கெடக்கு. எங்க மகளிர் குழுக்காரி ஒருத்தி கைமெசினோட தெருவுக்கே வருவா. வெரல வச்சா துட்டு குடுப்பா. வச்சேன். மெசினு கீய்ங்னுச்சு.

"நீங்க நீங்க இல்லன்னு சொல்லுது ஆச்சி."

"பின்ன யாருன்னு கேளு. வசதியானவளா இருந்தா அப்படியே இருந்துக்கிடுதேன்."

முந்தானையில தொடச்சேன். தலையில தேச்சேன். பக்கத்து வீட்டுக்காரி புளியப் போட்டு வெளக்குனா.

"வெரல் வைக்கியளா, மீன் கொழம்பு வைக்கியளா மதினி?" நாத்தனா மரத்தடியில இருந்து கேக்குதா.

கைநாட்டுன்னா பெருவெரலுதான்னு பொறந்ததுல இருந்து பழகிட்டோம். வேற வெரலு இருக்கதே ஒருத்திக்கும் ஞாபகம் இல்ல. வெயிலு உச்சிக்கு ஏறிட்டு.

"ஏட்டி, கால் பெருவெரல வைக்கட்டா? அது பீடி சுத்தல"ன்னு செருப்பக் கழட்டிட்டேன்.

அவ மெசின நெஞ்சோட சேத்து அணைச்சுக்கிட்டா. "ஐயோ ஆச்சி, ஆதார் அட்டை எடுக்கையில பத்து கைவெரலும் குடுத்தியள்லா? அதுல ஒண்ண வைங்க."

சுண்டுவெரல வச்சேன். பீடி சுத்தையில அது சும்மா நீட்டிக்கிட்டு இருக்கும். ஆயுசுக்கும் ஒரு வேலை பாத்ததில்ல. அந்தச் சோம்பேறியத்தான் நான்னு மெசினு ஒத்துக்கிட்டு.

அவ பையில இருந்து எடுத்துக் குடுத்த நோட்ட வாங்கிட்டு மரத்தடிக்கு ஓடுனேன். ஆட்டுக்காரன் கைய முதுகுக்குப் பின்னால கட்டிக்கிட்டான்.

"நோட்டா வேண்டாம் ஆச்சி. கையில வாங்குனா வழியிலயே குடிச்சிருவேன்னு வீட்டுக்காரி சொல்லிட்டா. அவ போனுக்குப் போட்டாத்தான் கயித்த அவுக்கணுமாம்."

எங்கிட்ட இருக்கது பட்டன் போனு. நாத்தனா இடுப்புல இருந்து பெரிய போன மெல்ல வெளிய எடுக்குதா.

திரும்ப ஓடுனேன். குழுக்காரி நோட்ட வாங்கி அதே பையில வச்சுட்டு, அவ போன்ல இருந்து அனுப்புனா. ஆட்டுக்காரன் போனு அடிச்சுது. "வந்துட்டு, அவுத்து விடும்"னு அக்கரையில இருந்து அவன் வீட்டுக்காரி போட்ட சத்தம் எங்க தெருவுக்கே கேட்டுது.

காலையில இருந்து புளி போட்டு வெளக்கி எடுத்த துட்டு, மரத்தடி வரைக்கும் காத்து வாங்கிட்டு வந்து பழைய எடத்துலயே ஒக்காந்துட்டு. ஆனா கயிறு என் கையில.

நாத்தனா கீரையத் திருப்பிக் கேட்டா. அதுல பாதிய ஆடு தின்னுட்டு.

"வாயும் வயிறுமா இருக்கா. நீ சீர் செஞ்சதா வச்சுக்கிடு"ன்னு சொல்லிட்டு, ஆட்டப் பைய நடத்திக் கூட்டியாந்தேன்.