பாட்டிலில் வியர்த்த விதைநெல்

எங்கள் ஊர் திருவெள்ளறை. சில வருடங்களுக்கு முன் ஓர் அறுவடையில் விதைநெல்லைக் கடும் வெயிலில் ஒரே நாளில் காயவைத்தோம். காலால் துழாவினால் சலசலத்தது. காய்ந்துவிட்டது என்று மூட்டை கட்டிவிட்டோம். வேளாண் துறையில் வேலை பார்க்கும் என் நாத்தனாரிடம் காட்ட, ஒரு பிடி நெல்லைக் கண்ணாடி பாட்டிலில் மூடி வைத்தேன். மறுநாள் பாட்டிலின் உட்புறம் வியர்த்திருந்தது. பதறிப்போய் மூட்டைக்குள் கையை விட்டால் வெதுவெதுப்பு. முளைப்பே போய்விடுமோ என்று நாத்தனாருக்குப் போன் செய்தேன்.

“நெல்மணியோட மேல்பக்கம் சீக்கிரம் காஞ்சிடும் அண்ணி. நடுவுல இருக்கிற ஈரம் மெதுவாத்தான் வெளிய வரும். உடனே பிரிச்சுக் கொட்டுங்க” என்றாள்.

கொட்டி ஆறவிட்டு, மறுபடி காயவைத்தோம். விதை பழுதில்லாமல் முளைத்தது. அத்தனை சிறிய மணிக்குள்ளிருந்து ஈரம் வெளியே வர இவ்வளவு நேரமா என்று எனக்கு இன்னமும் வியப்புத்தான். இப்போதெல்லாம் இளவெயிலில் காயவைத்து, இடையிடையே நிழலில் குவித்து வைக்கிறோம். சாக்கைத் தைக்கும்முன் என் கணவர் கேட்பது ஒன்றுதான்: “பாட்டில் என்ன சொல்லுது?”