நீல அட்டைக்குப் பதில் சொன்ன திரை

இதில் ஒரு சொல் பொய்யென்றாலும் என் நாக்கு அழுகட்டும். வாயில் மிச்சமிருக்கும் நான்கு பற்கள் மேல் ஆணை.

கல்லூரி நூலகத்தில் விசாரணை மேசை என்னுடையது. மாணவர்கள் புத்தகத்தின் பெயரைச் சொல்லிக் கேட்டதாகச் சரித்திரமே கிடையாது. "நீல அட்டை சார், தடியா இருக்கும், வாத்தியார் கிளாஸ்ல ஆட்டிக் காட்டினாரு" என்பார்கள். எடுத்துக் கொடுப்பேன். எனக்கு முன் அந்த நாற்காலியில் இருந்தவரை அண்ணன் என்போம். அவரும் அப்படித்தான். பென்சிலால் மேசையில் இரண்டு தட்டு தட்டிவிட்டுத்தான் பதில் சொல்வார். டொக். டொக். போய்ச் சேர்ந்துவிட்டார், பாவம்.

என் மனைவியின் தம்பி கணினிக்காரன். மாணவர்கள் தாங்களே தேடிக்கொள்ள ஒரு திரை அமைத்துத் தர வந்தான்.

"மாமா, பசங்க உங்ககிட்ட எப்படியெல்லாம் கேக்கறாங்க, சொல்லுங்க. அதே மாதிரி தட்டினா புத்தகம் வரணும்."

"என் நாற்காலி?"

"அதை யாரு தொடப்போறா?"

ஒரு வாரம் தொண்டை வறளச் சொன்னேன். திங்கட்கிழமை போனால் திரை இருந்தது. நாற்காலி இல்லை. மூலையில் முத்திரை குத்தும் வேலை எனக்கு, ஒற்றை ஸ்டூலில். சொந்த மச்சான்... கூடவே இருந்து குழி பறித்துவிட்டான்.

திரை படு சூட்டிகை. "சிவப்பு, ஓரம் எலி கடிச்சது" என்று ஒரு பெண் தட்டினாள். உடனே அலமாரி எண் வந்தது. எலி கடித்ததை நான் மச்சானிடம் சொல்லவே இல்லையே!

அன்று சாயங்காலம் மழை. எல்லோரும் போன பிறகு, மறந்த குடைக்காகத் திரும்பினேன். மணி ஆறு பத்து. திரை எரிந்துகொண்டிருந்தது. அணைக்கலாமென்று சுவரைத் தடவினேன்.

பிளக் தரையில் கிடந்தது.

டொக். டொக்.

மேசைக்குள்ளிருந்து...

"அண்ணே?" என்று தட்டினேன்.

திரையில் எழுத்து ஊர்ந்தது. "நின்னுக்கிட்டா கேக்கறே? நாற்காலி எங்கடா?"

"தூக்கிட்டாங்க. பதில் சொல்றது நீங்களா? நீங்களுமா அண்ணே?"

"பிள்ளைங்க பரீட்சைக்கு அலையுதுங்க. உன் நாற்காலியா பெருசு?"

வயிறு எரிந்தது. பேய்கூட என் பக்கம் இல்லை.

திரை அணைந்தது.

இருட்டு...

டொக்.

இந்த முறை என் முதுகில்.

மறுநாள் மச்சானிடம் சொன்னேன். முகம் வெளிறிவிட்டது.

"மாமா, அட்டை நிறமெல்லாம் அதுக்குத் தெரியவே தெரியாது. நீங்க சொன்னதுல ஒண்ணைக்கூட நான் அதுல சேர்க்கலை. உங்க மனசு நோகக்கூடாதேன்னு சும்மா தலையாட்டினேன்."

என் ஒரு வாரத் தொண்டைத் தண்ணீர்!

அண்ணன் நேற்று வீட்டுக்கு வந்திருந்தார். அவர் செத்துவிட்டார் என்று நான் சொன்னதைத் தவிர, உடம்புக்கு ஒரு குறையும் இல்லை.