ஞாயிற்றுக்கிழமை யாருக்கு?

போன மாதம் தென்காசியில் ஒரு கிரிக்கெட் மேட்ச் பார்க்கப் போய், தொண்டை கட்டித் திரும்பினேன்.

எனக்குக் கிரிக்கெட் அரைகுறைதான். தம்பி முருகேசன் கேப்டன் என்பதால் போனேன். டயர் கடை வைத்திருக்கிறான். வாரம் முழுக்கக் கையில் கரி. ஞாயிறு மட்டும் வெள்ளைச் சட்டை. அவனுடைய வைகறை கிளப்பில் எல்லோருமே இப்படித்தான் — மினி பஸ் டிரைவர், ஸ்கூல் வாத்தியார், லீவு கிடைத்தால் வரும் போலீஸ்காரர், துபாயிலிருந்து விடுமுறைக்கு வந்திருக்கும் கடையநல்லூர் ரஹீம்.

எதிர் டீம்? குற்றாலத்தில் ரிசார்ட் வைத்திருப்பவர் ஒருவருடையது. ஏசி பஸ்ஸில் வந்து இறங்கினார்கள். கோச், பிசியோ, ஐஸ் பெட்டி... வீடியோ எடுக்கக்கூடத் தனியாக ஓர் ஆள்! ஆட்டக்காரர்கள் எல்லோரும் வெளியூர்; மாதச் சம்பளம். பயிற்சிதான் அவர்களுக்கு உத்தியோகம். நம் ஆட்களோ முந்தின நாள் வரை பஸ் ஓட்டிவிட்டு வந்தவர்கள். இது என்ன நியாயம்? எனக்கு அப்போதே பற்றிக்கொண்டு வந்தது.

இன்னொரு வயிற்றெரிச்சலும் இருந்தது. அன்றைக்குத் தோற்றால் வைகறை இரண்டாம் டிவிஷனுக்கு இறங்கிவிடும். இறங்கினால் என்ன என்கிறீர்களா? முதல் டிவிஷனுக்குத்தான் ஞாயிற்றுக்கிழமை. இரண்டாம் டிவிஷன் ஆட்டங்கள் எல்லாம் வார நாட்களில். கடையைப் பூட்டிவிட்டு, பஸ்ஸை நிறுத்திவிட்டு யார் வந்து ஆடுவது? கிளப்பையே மூட வேண்டியதுதான். முதல் டிவிஷனில் மிச்சமிருந்த பழைய கிளப் இது ஒன்றுதான். மற்றவை எல்லாம் ஓனர் வைத்த டீம்கள்.

வைகறை இரண்டாவதாக பேட்டிங். ஜெயிக்க இன்னும் கொஞ்சம் ரன்தான் பாக்கி. வாத்தியாரும் ரஹீமும் களத்தில். அப்போது மலைப்பக்கமிருந்து அந்த வருஷத்தின் முதல் சாரல் இறங்கியது.

குற்றால சீசன் நேரத்தில் சாரலை நாங்கள் மழை என்றே கணக்கில் எடுத்துக்கொள்வதில்லை. துணியைக்கூடக் கொடியிலிருந்து எடுக்க மாட்டோம். ஆட்டமும் நிற்காது. ரிசார்ட் டீமுக்கு இது தெரியுமா? ‘மழை’ என்று மொத்தப் பேரும் பஸ்ஸைப் பார்த்து ஓடிவிட்டார்கள்.

இங்கே எங்கள் லீக்கில் ஒரு விதி உண்டு. அம்பயர் சொல்லாமல் ஒரு டீம் மைதானத்தை விட்டுப் போனால், எதிர் கேப்டன் வெற்றியைக் கேட்கலாம். கேட்டால் ஆட்டம் அவருக்கு.

அம்பயர் தம்பியைப் பார்த்தார். “ஏலே முருகேசா, கேக்குதியா? ஒரு வார்த்த சொல்லு, ஆட்டம் ஒனக்குத்தான்.”

“கேளுலே!” என்று நான் கத்தினேன். அக்கம்பக்கத்தில் உட்கார்ந்திருந்தவர்களும் கத்தினார்கள். தொண்டை கட்டியது அப்போதுதான்.

அவன் கேட்கவில்லை. நேரே பஸ்ஸுக்கு நடந்தான். “இது மழை இல்லங்க, சாரல். பழகிரும்... வாங்க, ஆடுவோம்” என்று கூப்பிட்டு வந்தான்.

வந்தார்கள். ஆடினார்கள். வாத்தியார் கேட்ச் கொடுத்தார், ரஹீம் போல்டு ஆனான், பின்னால் வந்தவர்கள் சேர்ந்தாற்போல் மூட்டை கட்டினார்கள். தோற்றோம்.

வீடு வரை அவனைத் திட்டிக்கொண்டே வந்தேன். “ஒன் கிளப்ப நீயே மூடிட்டியே!”

“எக்கா, ஊர் தெரியாம ஓடுனவனுவள வெளிய நிறுத்தி வாங்குனா, அதுக்குப் பேரு ஜெயிப்பா?” என்றான். வெள்ளைச் சட்டையைக் கழற்றி மடித்து வைத்தான்.

அடுத்த வாரம் லீக் கூட்டம். பணக்கார டீம்களை வெளியேற்றுங்கள் என்று ஒரு பிடி பிடிக்க நானும் போய்ப் பின்வரிசையில் உட்கார்ந்தேன். எனக்கு முன்னால் வேறொருவர் எழுந்தார் — கௌதம். ரிசார்ட் டீமின் கேப்டன், சேலத்துக்காரர்.

“சார், எங்களுக்குச் செவ்வாயும் ஒண்ணுதான், ஞாயிறும் ஒண்ணுதான். ஆடுறதுதான் எங்க வேலையே. முதல் டிவிஷனை வார நாளுக்கு மாத்துங்க. ஞாயிற்றுக்கிழமையை ரெண்டாம் டிவிஷனுக்கு, இவங்களுக்குக் கொடுத்துடுங்க.”

ரிசார்ட் ஓனர் நெளிந்தார். “ஞாயித்துக்கெழமதானப்பா கூட்டம் வரும்? வெளம்பரம் யாரு பாப்பா?”

“நல்லா ஆடினா செவ்வாய்க்கிழமையும் வருவாங்க சார். அன்னைக்கு இவங்க கேப்டன் கேட்டிருந்தா, நாங்க பஸ்ஸுக்குள்ள உக்காந்தே தோத்திருப்போம்.”

ரிசார்ட்காரர் மோவாயைச் சொறிந்தார். பிறகு, “சரி, ஒரு சீசன் பாப்போம்” என்றார். மற்ற ஓனர்களும் கை தூக்கினார்கள். நான் தயார் செய்து வைத்திருந்த பேச்சு வீணானது. அவ்வளவு சந்தோஷமாக எந்தப் பேச்சையும் நான் விழுங்கியதில்லை.

பணம் உள்ளவன் ஆட வரக் கூடாது என்பது நியாயமில்லை என்று இப்போது தோன்றுகிறது. அவனுக்கு ஏழு நாளும் இருக்கிறது. இல்லாதவனின் ஒரு நாளை அவன் எடுத்துக்கொள்ளக் கூடாது... அவ்வளவுதானே? எங்கள் ஊர் லீக்குக்கு இது புரிந்துவிட்டது. பெரிய ஊர்களுக்கும் புரியாமலா போகும்?

போன ஞாயிறு வைகறை மறுபடி களத்தில். இரண்டாம் டிவிஷன்தான். ஆனால் அத்தனை பேரும் ஆஜர். வெளியே நின்று கைதட்டியவர்களில் கௌதமும் ஒருவர் — சாரலில், குடையில்லாமல்!

தம்பி மனைவி செல்வி மட்டும் கைதட்டவில்லை. பண்பொழி மலைக் கோயிலுக்குக் கூட்டிப்போகச் சொல்லி எத்தனையோ மாதமாகக் கேட்டுக்கொண்டிருக்கிறாள், பாவம். கிளப் மூடினால் ஞாயிறு கிடைக்கும் என்று நம்பியிருந்தவள்.

“மதினி, எனக்கும் ஒரு ஞாயித்துக்கெழம வாங்கித் தரணும்... அந்த சேலத்துக்காரர் நம்பர் இருக்கா?”