மோட்டார் சைக்கிள் ஏறும் சாய்தளம்

போன வருசம், முல்லைத்தீவுப் பக்கம் ஒரு பள்ளிக்கூடம். இடைவேளை நேரம். அங்கே நின்றது அதிபர். வவுனியாவிலிருந்து ஆராய்ச்சிக்கு வந்த ஒரு மிஸ். சக்கர நாற்காலியில் தரம் எட்டுப் படிக்கிற ஒரு பெட்டை. அவளின் தாய். பிறகு நான். நான் மேசன். சொந்த இடம் அக்கராயன். ஆறாம் வகுப்போடு படிப்பு நின்றது.

வகுப்பறைத் தரை ஒன்றரை அடி உயரம். அந்தப் பிள்ளை ஏறி இறங்கச் சாய்தளம் ஒன்று கட்டச் சொல்லியிருந்தார்கள். வீடுகளுக்கு எத்தனையோ கட்டினவன் நான். அதே கணக்கில் நாலரை அடி நீளத்துக்குக் கட்டினேன். பூச்சு கண்ணாடி மாதிரி.

"மோட்டார் சைக்கிளே ஏறும் சேர்" என்றேன் அதிபரிடம்.

பெட்டை பார்த்தாள். "மாமா, நீங்கள் ஒருக்கா என்ரை நாற்காலியிலை இருந்து ஏறிக் காட்டுங்கோவன்."

தாய் அதட்டினா. "பெரியாக்களோடை கதைக்கிற கதையே இது?"

எனக்கு வீம்பு. பிள்ளையைத் தூக்கி வாங்கில் இருத்தச் சொல்லிவிட்டு நாற்காலியில் ஏறி இருந்தேன். சீமெந்து மூட்டை தூக்கின கை. இரண்டு தரம் சில்லை உந்தினேன். பாதிக்குப் போகமுதலே முன்பக்கம் மேலே கிளம்பிற்று. மிஸ் பின்னால் பிடித்திராவிட்டால் மண்டை உடைந்திருக்கும்.

"மோட்டார் சைக்கிளுக்கு இஞ்சின் இருக்கு மாமா" என்றாள் பெட்டை. எல்லாரும் சிரித்தார்கள். நானும்தான்.

மிஸ் மட்டும் சிரிக்கவில்லை. எல்லா விதமான பிள்ளைகளும் ஒரே வகுப்பில் எப்படிப் படிக்கிறார்கள் என்பதுதான் அவவின் ஆராய்ச்சி. என்னைத் தனியக் கூப்பிட்டா.

"அண்ணை, இவள் பள்ளிக்கூடத்திலை தண்ணி குடிக்கிறேல்லை. டொய்லெட்டுக்குப் போறதெண்டால் பெடியள் தூக்கி இறக்கவேணும். வெக்கத்திலை காலமை தொடக்கம் வாயை நனைக்கிறேல்லை."

பெரிய சுத்தியலை எடுத்தேன். அதிபர் பதறிப்போனார். "ஐயோ, உடைச்சால் திரும்பக் கட்டச் சீமெந்து இல்லை."

"சீமெந்து என்ரை செலவு" என்று சொல்லி உடைத்தேன்.

பின்னேரம் சாரப் பலகைகளைக் கல்லில் முண்டு கொடுத்து அடுக்கினேன். அவளையே ஏறச் சொன்னேன். எட்டடி நீளத்தில் நாற்காலி அசையவில்லை. பன்னிரண்டில் பாதி வந்தாள். தாய் கை நீட்டினா.

"தொடாதேங்கோ அம்மா" என்றாள் பெட்டை.

பதினெட்டு அடிக்கு நீட்டி வைத்தேன். மூச்சு வாங்க வாங்க ஏறினாள். தனியவே மேலே வந்துவிட்டாள். மிஸ் கொப்பியில் எழுதினா. நான் பலகை முடிந்த இடத்தில் நிலத்தில் கோடு போட்டேன். அந்தக் கோட்டுக்குத்தான் கட்டினேன், சில்லு வழுக்காமல் சொரசொரப்பாக.

முப்பது வருசம் மேசன் வேலை தெரிந்தவன் என்று நினைத்திருந்தேன். இப்போது சாய்தளம் என்றால் அளவு நாடா பிடிக்கமுதல் அதில் ஏறப்போகிற பிள்ளையைத்தான் கேட்கிறேன். அதற்குப் பிறகு வேறு பள்ளிக்கூடங்களில் கட்டினவை ஏழு.